வேரிலே நோய், மண்ணிலே மருந்து
(கெடா மாநிலத் தோட்டப்புற மக்களிடையே ஆற்றிய உரை)



சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் ஆகிய வட்டாரங்களில், தோட்டக் குடியிருப்பாயினும் நகர்ப்புறத் தாமானாயினும், வீட்டின் பின்புறத்தில் கத்தரி, வெண்டி, தக்காளி பயிரிடும் வழக்கத்தை நம்மவர் விட்டுவிடவில்லை. அந்த நான்கு பாத்திகள் நம் குடும்பச் செலவைக் குறைக்கின்றன. ஆனால் ஒரே பாத்தியில் அதே பயிரைத் திரும்பத் திரும்ப நடும்போது, சில செடிகள் வெளிறுகின்றன. நண்பகலில் வாடி, மாலையில் நிமிர்ந்து, நாளடைவில் குன்றிவிடுகின்றன. உரம் போதவில்லை என்றெண்ணி மேலும் உரமிடுகிறோம். பயன் விளைவதில்லை. ஏனெனில், நோய் வேரில் இருக்கிறது.

அத்தகைய செடியொன்றை வேரோடு பெயர்த்துக் கழுவிப் பாருங்கள். வேரில் மணிமணியாக வீக்கம் காணப்பட்டால், அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. பயற்றஞ்செடியின் வேரில் நன்மை தரும் முடிச்சுகளும் உண்டு. அவை விரலால் தேய்த்தால் உதிரும். நூற்புழுவால் வரும் வீக்கமோ வேரே பருத்ததாகும், அது உதிராது.

1855ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பெர்க்லி என்னும் அறிஞர் வெள்ளரி வேரில் இதனைக் கண்டறிந்தார். கண்ணுக்குப் புலப்படாத இளம்புழு வேருக்குள் புகுந்து, செடிக்குரிய உணவைத் தான் உண்கிறது. ஒரு பெண்புழு நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். நம் நாட்டு வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தோன்றிவிடும்.

நஞ்சு தூவி அழிக்கலாகாதா எனச் சிலர் வினவலாம். டி.பி.சி.பி. என்னும் நூற்புழுக்கொல்லி முன்னர்ப் பல நாடுகளில் பயன்பட்டது. 1977இல், கலிபோர்னியாவில் அதனைத் தயாரித்த தொழிலாளர் பலர் மலட்டுத்தன்மை அடைந்திருந்தது வெளிப்பட்டது. அதனைக் கையாண்ட வாழைத்தோட்டத் தொழிலாளரும் அதே துன்பத்திற்கு ஆளாயினர். நம் நாட்டிலும் கார்போபியூரான் என்னும் நஞ்சு 2023 மே மாதம் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. கொட்டகையில் பழைய மிச்சம் இருப்பின், அதனைத் தொடாது விவசாய இலாகாவின் ஆலோசனையைப் பெறுக.

இதற்கு மாற்றுவழி உண்டு. 1930களில் ஹவாய்த் தீவில் லின்போர்டும் அவர்தம் துணைவரும் நறுக்கிய அன்னாசித் தழையை மண்ணிற் புதைத்தபோது, வேர்முடிச்சு குறைவதைக் கண்டனர். தழை மக்கும்போது மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றுள் சில நூற்புழுவையே பிடித்து உண்கின்றன. எரு மக்கும்போது வெளிப்படும் அம்மோனியாவும் புழுவைக் கொல்லும்.

செய்யவேண்டியவை இவை:

முதலாவது, வீங்கிய வேர்களைப் பாத்தியிலும் மக்குக் குழியிலும் விடாது அகற்றுக.

இரண்டாவது, ஒரு சதுர மீட்டருக்கு மக்கிய கோழி எரு 1 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 100 கிராம் வீதம் கொத்திக் கலந்து, நீர் தெளித்து, 3 வாரம் பொறுத்து நடுக. உடனே நட்டால் அம்மோனியா இளம் வேரைச் சுட்டுவிடும்.

மூன்றாவது, செம்பனை வெற்றுக்குலை கிடைத்தால் நன்றாக மக்கிய பின்னரே மண்ணிற் கலக்குக. பச்சையாகப் புதைத்தால் மண்ணின் தழைச்சத்தை அது கவர்ந்துகொள்ளும். குவாலா கெடா, தஞ்சோங் டாவாய் போன்ற கடற்கரை ஊர்களில் உள்ளோர், இறால் ஓட்டை உப்பு நீங்கக் கழுவி, உலர்த்தி, இடித்துச் சேர்க்கலாம். அவ்வோட்டிலுள்ள கைட்டின் என்னும் பொருள் நூற்புழு முட்டையின் உறையிலும் உண்டு. அதனை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகினால் முட்டைகளும் அழியும்.

நான்காவது, பாத்தியை மாற்றி மாற்றிப் பயிரிடுக. மாலைக்கு உதவும் செண்டுமல்லியை நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் வளர்த்து மண்ணோடு மடக்கிவிடலாம். அதன் வேரிலுள்ள பொருள் இப்புழுவுக்கு நஞ்சாகும்.

இம்முறைகளால் நூற்புழு அடியோடு ஒழிந்துவிடும் என்று நாம் கூறமாட்டோம். அது குறையும், பயிர் தாக்குப்பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு நடவின்போதும் இதனைத் தொடர வேண்டும். நாற்றின் வேரையும், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணையும் கவனித்தல் இன்றியமையாதது.

நாம் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். ஒரு பாத்திக்கு எருவிட்டு, மற்றொன்றை வழக்கம்போல் விடுங்கள். அறுவடை முடிந்ததும் இரண்டிலும் மும்மூன்று செடிகளைப் பிடுங்கி, பிள்ளைகளை அருகழைத்து வேர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அவ்வேர்களே உண்மையை உரைக்கும்.