கிரிக்னார்டும் கார்த்திகை மழையும்



1900-இல் பிரான்சில் விக்டர் கிரிக்னார்டு கண்டறிந்த வினைபொருளுக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது. மெக்னீசியம் சீவல், உலர்ந்த ஈதர், புரோமோபென்சீன்: சேர்மானம் அவ்வளவுதான். ஆனால் ஈரம் ஆகவே ஆகாது. தண்ணி பட்டா வினைபொருள் வெறும் பென்சீனாப் போயிடும்.

புதுக்கோட்டையில் அப்போது கார்த்திகை அடைமழை. நான் குடுவையைத் துணியால் துடைத்ததோடு சரி. அயோடின் துகள் போட்டும் வினை தொடங்கவில்லை. பக்கத்து மேசையில் நண்பரின் டிரைபீனைல்மெத்தனால் படிகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கொஞ்சம் வாங்கி என்னுதுன்னு காட்டிடலாமான்னு நினைச்சேன். அதற்குள் பேராசிரியர் வந்துவிட்டார்.

"குடுவையை ஓவன்ல காய வச்சியாப்பா?"

"இல்லை சார்."

"அதை அப்படியே ரெக்கார்டுல எழுது. அதுவும் ரிசல்ட்தான்."

எழுதினேன். மறுநாள் காயவைத்த குடுவையில் ஈதர் தானாகக் கொதித்தது. ஈதரின் கொதிநிலை சுமார் 35 டிகிரி. நம்ம ஊர் சித்திரை வெயிலே போதும். ஆனால் அன்று கொதிக்கவைத்தது வினையின் வெப்பம்!

தம்பி தங்கைகளே, சோதனை தோற்றால் மறுநாள் செய்யலாம். வராத ரிசல்ட்டை மட்டும் வந்ததா எழுதாதீங்க.