மண்ணும் திரையும்



மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், கூடலூரிலிருந்து தேனியை நோக்கி நீண்டு கிடக்கும் வளமான நிலத்தைக் கம்பம் பள்ளத்தாக்கு என்று அழைக்கிறோம். மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்த பெரியாற்று நீர், 1895-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அணையின் பயனாக, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. அந்நீரால் அங்கே நெல்லும் வாழையும் திராட்சையும் விளைகின்றன. அம்மண்ணின் மற்றொரு விளைச்சலைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். தேனி அல்லிநகரத்தில் 1940-களின் தொடக்கத்தில் சின்னசாமி என்ற பெயரோடு பிறந்து, பாரதிராஜா என்ற பெயரால் தமிழ்நாடு அறிந்த திரைப்பட இயக்குநரின் கலை வாழ்வே அது.

சென்னை சேர்ந்த அவர், கன்னடத் திரையுலகின் சிறந்த இயக்குநரான புட்டண்ணா கனகல் முதலியோரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றார். ஆண்டுகள் பல காத்திருந்த பிறகே சொந்தமாக ஒரு படம் இயக்கும் வாய்ப்புக் கிட்டியது. 'மயில்' என்ற பெயரில், கருப்பு வெள்ளையில், சிறு பொருட்செலவில் எடுக்க எண்ணியிருந்த கதைதான், 1977 செப்டம்பரில் '16 வயதினிலே' என்ற வண்ணப் படமாக வெளிவந்தது.

அந்நாளில் நான் மதுரையில் கல்லூரி மாணவன். எங்கள் பள்ளத்தாக்கின் பேச்சு என் வாயில் வந்துவிடுமோ என்று அஞ்சி, விடுதியில் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பேசுவேன். தவறி வந்துவிட்டால் நண்பர்கள் நகைப்பார்கள். அந்தப் படத்தில் குருவம்மாளாக நடித்த காந்திமதி வாயைத் திறந்ததும் திடுக்கிட்டேன். என் அத்தை பேசுவது போலவே இருந்தது! கொட்டகை முழுவதும் சிரித்தது. ஆனால் அஃது இகழ்ச்சிச் சிரிப்பு அன்று. நெடுநாள் காணாத உறவினரைச் சந்தையில் கண்டவர் சிரிக்கும் சிரிப்பு. அன்று இரவு விடுதிக்குத் திரும்பியபோது, என் பேச்சை மறைக்கும் எண்ணம் என்னிடம் இல்லை.

அதற்கு முன்பு கிராமக் கதைகள் திரைக்கு வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்தன. முந்திய ஆண்டான 1976-இல் வெளியான 'அன்னக்கிளி' படத்தின் வாயிலாக, இதே மாவட்டத்துப் பண்ணைபுரத்தைச் சேர்ந்த இளையராஜா நாட்டுப்புற இசையைத் தமிழகமெங்கும் ஒலிக்கச் செய்திருந்தார். எனினும், புகழ் பெற்றிருந்த கமல்ஹாசனைக் கோவணம் கட்டி, வெற்றிலைக் கறையோடு நொண்டி நடக்கும் சப்பாணியாக நிறுத்துவதற்குத் தனித் துணிவு வேண்டியிருந்தது. எவரும் பொருட்படுத்தாத ஒருவனைக் கதையின் நடுவில் வைத்ததே அப்படத்தின் புதுமை.

இதில் ஒரு வியப்பும் உண்டு. நம் ஊர் என்று நாங்கள் மனம் நெகிழ்ந்து பார்த்த அந்தக் கிராமம் நம் ஊரே அன்று. படப்பிடிப்பு நடந்தது கருநாடகத்துக் கொள்ளேகால் பகுதியில்! காமிரா எங்கு நின்றது என்பது பெரிதல்ல. இயக்குநரின் நினைவு எங்கு நின்றது என்பதே பெரிது என்பதை இதனால் அறிகிறோம்.

ஏறத்தாழ அவர் வயதினரே ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி. 1941-இல் பிறந்த அவர் காமிராவை விடுத்துத் தூரிகையால் படம் எடுப்பவர். அசையும் ஓவியங்களே அவர் நடிகர்கள். தோக்கியோ நகரை அடுத்த சயாமாக் குன்றுகளின் வயலையும் மரத்தையும் எண்ணி, 1988-இல் 'என் அண்டை வீட்டுத் தோதோரோ' என்ற படத்தை அவர் படைத்தார். அந்தக் குன்றுக் காடுகளின் பகுதிகளைப் பொதுமக்கள் நிதி திரட்டி விலைக்கு வாங்கிக் காத்து வருகிறார்கள். தன் மண்ணை உண்மையாகத் தீட்டும் கலை, பார்த்தவர்க்குக் கடமையையும் உணர்த்திவிடுகிறது.

பாரதிராஜாவின் பாதை வெற்றியால் மட்டும் ஆனதன்று. 1978-இல் 'கிழக்கே போகும் ரயில்' என்ற கிராமக் கதையையும், அதே ஆண்டில் 'சிகப்பு ரோஜாக்கள்' என்ற நகரத்துத் திகில் கதையையும் தந்தார். வேலையற்ற இளைஞரைப் பற்றிய 'நிழல்கள்' 1980-இல் வசூலில் தோற்றது. ஆயினும் அந்தப் படமே, தேனி மண்ணின் மற்றொரு மைந்தரான கவிஞர் வைரமுத்துவைத் திரைக்கு அறிமுகப்படுத்தியது. ஐந்தாண்டு கழித்து, 1985-ஆம் ஆண்டின் 'முதல் மரியாதை' படப் பாடலுக்காக அக்கவிஞர் தேசிய விருது பெற்றார்.

நண்பர்களே, இனிதான் நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். ஊரை நேசிப்பவன் அதன் குறையை மூடி மறைக்க வேண்டுமா? சொந்த ஊரின் புகழைப் பாடுவது எளிது, கைதட்டும் கிடைக்கும். பாரதிராஜாவோ 1987-இல் 'வேதம் புதிது' எடுத்தார். பெயரின் பின்னே ஒட்டிய சாதிப் பெயர் படித்துப் பெற்ற பட்டமா என்று, ஊர்ப் பெரியவரை ஒரு சிறுவன் அப்படத்தில் கேட்கிறான். சாதிப் பெருமை பேசும் ஊர்களிலெல்லாம் அக்கேள்வி ஒலித்தது.

அதனினும் கடுமையானது 1994-இல் வந்த 'கருத்தம்மா'. தென் மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் பிறந்த பெண் சிசுவைக் கொல்லும் கொடுமை நிலவிய காலம் அது. அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது 1992-இல்தான். சாகக் கொடுக்கப்பட்ட ஒரு பெண் குழந்தை காப்பாற்றப்பட்டு, மருத்துவராக வளர்ந்து, பெற்ற தந்தைக்கே மருத்துவம் செய்ய வந்து நிற்பதை அப்படம் காட்டிற்று. வேற்றூரார் சொல்லியிருந்தால் பழிச்சொல் என்று தள்ளியிருப்போம். நம் பேச்சைப் பேசி, நம்மோடு அழுது சிரித்த ஒருவர் சொன்னதால் தலைகுனிந்து கேட்டோம். முதல் படத்தில் ஈட்டிய நம்பிக்கையை இங்கே அவர் செலவிட்டார் என்பேன்.

அவருக்கு 2004-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விருதினும் மேலான பாடம் ஒன்றை அவர் வாழ்வு நமக்கு வைத்திருக்கிறது. நீங்கள் மருத்துவராகலாம், பொறியாளராகலாம், படம் எடுப்பவராகவும் ஆகலாம். எங்கே சென்றாலும் உங்கள் ஊரின் பேச்சை நாணி ஒளிக்காதீர்கள். அதே பேச்சில், ஊர் கேட்க விரும்பாத உண்மையையும் ஒரு நாள் சொல்லத் துணியுங்கள். முன்னதைச் செய்தவர்க்கே பின்னதைச் செய்யும் உரிமை உண்டு.