முப்பதாண்டுப் போரில் ஒரு சிப்பாயின் நாட்குறிப்பு

போர்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் போரை நடத்தியோர். அல்லது அவர்களுடைய தயவிலே வாழ்ந்தோர். தளபதி எழுதுவான், தூதன் எழுதுவான், அரண்மனைப் புலவன் பாடுவான். தோளில் துப்பாக்கியும் முதுகில் மூட்டையுமாக நடந்த சிப்பாய்க்கு எழுத நேரமில்லை. பலருக்கு எழுத்தே இல்லை. ஆகவே சாதாரணப் போர்வீரன் ஒருவன் தன் கைப்பட எழுதிய குறிப்பு எங்கேனும் அகப்படுமாயின், நாம் சற்றே நின்று அதனைக் கவனிக்க வேண்டியதாகிறது.

அத்தகைய குறிப்பொன்று 1988ஆம் ஆண்டிலே ஜேர்மனியில், பேர்லின் நகரத்து அரச நூலகத்தில் வெளிப்பட்டது. யான் பீற்றர்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் அதனைக் கண்டெடுத்து 1993இல் பதிப்பித்தார். முதலேடுகளும் இறுதியேடுகளும் சிதைந்துபோன சிறு கையெழுத்துப் புத்தகம் அது. எழுதியவன் பெயர் அதில் எங்கும் இல்லை. 1618 முதல் 1648 வரை மத்திய ஐரோப்பாவைச் சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போரிலே, 1625 தொடக்கம் 1649 வரை தான் நடந்த வழியையும் கண்ட ஊரையும் இழந்த உயிரையும் ஒருவன் வரிசையாகக் குறித்து வைத்திருந்தான். அவன் நடந்த தூரம் சுமார் 22,500 கிலோமீற்றர் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். போர் முடியும் தறுவாயிலே பன்னிரண்டு தாள்கள் வாங்கி, மடித்துத் தைத்து, பழைய குறிப்புகளை அதிலே ஒழுங்காகப் பிரதி செய்திருக்கிறான்.

எழுதியவன் யார்? அவனைக் காட்டிக்கொடுத்தவர்கள் அவனுடைய குழந்தைகள். எந்த ஊரில் எந்தக் குழந்தை பிறந்தது, அதற்கு என்ன பெயர் இடப்பட்டது என்பதை அவன் தவறாது எழுதியிருந்தான். அந்த ஊர்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளோடு ஒப்புநோக்கியபோது தகப்பன் பெயர் கிடைத்தது: பீற்றர் ஹாகென்டோர்ப்.

நேயர்களே, அக்காலப் பட்டாளத்தை இக்காலப் பட்டாளம் போல எண்ணிவிடலாகாது. சிப்பாய்க்குப் பின்னால் அவன் மனைவி நடந்தாள்; குழந்தைகள் நடந்தன; சட்டி பானைகளும் வந்தன. சம்பளம் வந்தால் வரும். வராவிட்டால் அடுத்த கிராமத்துக் குடியானவனின் களஞ்சியமே சம்பளம். ஹாகென்டோர்ப் முதலில் இத்தாலியிலே வெனிசுக்காகவும் பர்மாவுக்காகவும் சேவித்தார். கையில் காசில்லாமல் திரும்பி, 1627இல் ஊல்ம் நகரில் பப்பன்ஹைம் பிரபுவின் படையணியிற் சேர்ந்தார். அதே ஆண்டில் அன்னா ஸ்ராட்லர் என்ற பெண்ணை மணந்தார்.

1631 மே 20ஆந் தேதி மக்டெபூர்க் நகரம் வீழ்ந்தது. அன்று மடிந்தோர் சுமார் இருபதினாயிரம் பேர். நாட்குறிப்பின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பது என் துணிபு. கோட்டைக்குள் புகும்போதே நம் சிப்பாய்க்கு வயிற்றிலும் தோள்களிலும் குண்டு பாய்ந்தது. அரை உயிராகக் குடிசைக்குக் கொண்டுவரப்பட்டு அவர் கிடக்க, பக்கத்திலே நோயுற்ற குழந்தை கிடந்தது. காயத்துக்குக் கட்டத் துணியும், தலைக்கு வைக்கத் தலையணையும் தேடி, எரிந்துகொண்டிருந்த நகரத்துக்குள் அன்னா ஓடினாள். வீடுகள் இடிந்து விழுகின்றன என்ற கூக்குரல் வெளியே கேட்கிறது. தன் காயத்தைக் காட்டிலும், மனைவி போய்விட்டால் இந்தப் பிள்ளையின் கதி என்ன என்பதே அவருக்குப் பெருங் கவலையாக இருந்தது. ஒன்றரை மணி நேரங் கழித்து அவள் வந்தாள். படுக்கைகளைச் சுமக்க ஒரு கிழவியும் கூட வந்தாள். ஒரு பெரிய குடத்திலே திராட்சை மதுவும், வெள்ளிக் கச்சைகள் இரண்டும் சில உடுப்புகளும் கிடைத்திருந்தன. அன்று மாலை தோழர்கள் ஒவ்வொருவராக வந்து, காயப்பட்டவருக்குத் தத்தம் கொள்ளையிலிருந்து ஒரு நாணயமோ அரை நாணயமோ கொடுத்துச் சென்றார்கள்.

இத்தனைக்கும், அவ்வளவு அழகிய நகரம் எரிகிறதே என்று அவர் வருந்தியும் எழுதுகிறார். அது தம் தாயகத்து நகரம் என்கிறார். எரித்த பட்டாளமோ அவருடையதே! அன்னா கொண்டுவந்த வெள்ளிக் கச்சைகள் யாருடைய இடுப்பில் இருந்தவை என்ற கேள்வி அவர் எழுத்திலே எழவில்லை. வாசிக்கும் நமக்குத்தான் எழுகிறது.

1633இல் மூனிச் நகரத்திலே அன்னா இறந்தாள். அவள் பெற்ற நான்கு குழந்தைகளும் பிழைக்கவில்லை. இந்த மரணங்களுக்கெல்லாம் அவர் செலவிடுவது ஓரிரு வரிகளே. இறந்த இடமும், இறைவன் நல்ல உயிர்த்தெழுதலை அருளட்டும் என்ற பிரார்த்தனையும், அவ்வளவுதான். கல்நெஞ்சன் என்று சொல்லத் தோன்றலாம். நான் அவ்வாறு நினைக்கவில்லை. விலை கொடுத்து வாங்கிய தாளிலே ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் இடம் விட்டவர் அவர்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் ஸ்ராவுபிங் என்னும் ஊரில் சுவீடியரிடம் சிறைப்பட்டார். சிறை என்றவுடன் முள்வேலியும் காவற்கோபுரமும் நம் மனக்கண்முன் வரும். அக்காலத்தில் அவை இல்லை. உயர்ந்த அதிகாரி பிடிபட்டால் பணங் கொடுத்து மீளலாம். அல்லது எதிரியின் அதிகாரி ஒருவருக்கு ஈடாக விடுதலை பெறலாம். சிப்பாய்க்குப் பணங் கட்டுவார் யார்? அவனை அடைத்துவைத்துச் சோறு போடுவதும் நட்டமே. பழகிய கைகளுக்கோ எல்லாப் பட்டாளத்திலும் தட்டுப்பாடு. ஆகவே கைதியை அப்படியே தன் அணியிற் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். நேற்றுவரை சக்கரவர்த்தியின் பக்கம் சுட்டவர் இன்று சுவீடியர் பக்கம் சுடுகிறார். மதத்தின் பேராலே மூண்ட போர் என்று பாடநூல்கள் சொல்லும். இவருடைய ஏட்டிலோ, கொடி மாறியது பெரிய செய்தியாகவே இல்லை.

அந்தச் சிறைச்சேவைக் காலத்திலேதான், 1634இல், லாண்ட்ஸ்கூட் நகரம் சூறையாடப்பட்டது. அங்கே தமக்குக் கிடைத்த கொள்ளைப் பங்கிலே பணம், துணிமணிகளோடு அழகிய இளம் பெண்ணொருத்தியையும் சேர்த்து அவர் எழுதுகிறார். புறப்படும்போது அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். மனைவிக்காகவும் பிள்ளைக்காகவும் கலங்கிய அதே கையே இதையும் எழுதியது. மக்டெபூர்க்கில் நம் பரிவைப் பெற்றவர் இங்கே அதனை இழக்கிறார். அவரை மன்னித்துவிட நமக்கு உரிமையில்லை. அந்தப் பெண்ணின் நாட்குறிப்பு நமக்குக் கிடைக்கவில்லை.

1634 செப்ரெம்பரில் நோர்ட்லிங்கன் போரிலே சுவீடியர் முறியடிக்கப்பட்டார்கள். சிறைவாசம் அன்றோடு தீர்ந்தது: பழைய படையணியைத் தேடிப் போய் மறுபடியும் சேர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அன்னா மரியா என்பவளை மறுமணஞ் செய்தார்.

பின்னர் வரும் பக்கங்களில் பசியும் மிகுதியும் மாறிமாறி வருகின்றன. ஓரிடத்தில் மாட்டிறைச்சி அலுத்துப்போய் வாத்தும் கோழியும் கேட்கிறார்கள். வேறோரிடத்தில் இரண்டு கற்களுக்கிடையே தானியம் அரைத்து, மண்ணிலே குழி தோண்டி அடுப்பாக்கி ரொட்டி சுடுகிறார்கள். வழியிலே காணும் ஆலைகளை, எப்படிச் சுழல்கின்றன என்று கவனித்து எழுதுவதில் அவருக்குத் தனி ஆசை. மாவரைக்கும் குடும்பத்திலே பிறந்தவரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இரண்டாம் மனைவியின் பிள்ளைகளிலும் பலர் இறந்தார்கள். 1643இல் பிறந்த மகன் மெல்ஹர்ட் கிறிஸ்ரொப் மட்டும் இந்தத் தேசாந்தரத்தில் மாண்டுபோகக்கூடாதென்று, ஆல்ட்ஹைம் என்ற ஊரின் பள்ளி ஆசிரியரிடம் ஆண்டுக்கு இவ்வளவு பணமென்று பேசி விட்டுச் சென்றார். 1648இல் சமாதானம் கையெழுத்தாயிற்று. 1649இல், மெமிங்கன் நகரில் படையணி கலைக்கப்படுமுன்னரே, ஆல்ட்ஹைமுக்குப் போய் மகனை மீட்டு வந்தார். அடிமைப்பட்ட மக்கள் எகிப்திலிருந்து மீட்கப்பட்ட வேதாகமக் கதை அப்போது அவர் நினைவுக்கு வருகிறது.

அப்பால் ஏடுகள் கிழிந்துபோயின. குடும்பம் என்னவாயிற்று என்பது நெடுங்காலம் தெரியாதிருந்தது. அண்மைக் காலத்திலேதான் ஜேர்மனியின் கோர்ட்ஸ்கெ என்ற சிற்றூரின் தேவாலயப் பதிவேட்டில் அவர் பெயர் மறுபடியும் தென்பட்டது. அவ்வூரில் நீதிபதியாகவும் நகரத் தலைவராகவும் இருந்த பீற்றர் ஹாகென்டோர்ப், 1679 பெப்ருவரியில், எழுபத்தேழு வயதளவில் காலமானார்.