சாரணியர் சீருடையில் நம் பெண்மக்கள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், சாரணியர் இயக்கத்தில் பயிலும் மஹல்லா மாணவியரைப் பாராட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டுதோறும் இம்மேடையில் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்றோருக்குப் பரிசு வழங்கி வருகிறோம். இவ்வாண்டு அவர்களோடு சாரணியர் சீருடை அணிந்த சிறுமியர் சிலரையும் அழைத்திருக்கிறோம். "மதிப்பெண்ணுக்குப் பரிசு, சரி, இவர்களுக்கு எதற்கு?" என்று பெரியவர் ஒருவர் வினவினார். நல்ல கேள்வி. அதற்கு விடை கூறவே எழுந்து நிற்கிறோம்.

இவ்வியக்கம் பெண்களுக்கென்று எவரும் திட்டமிட்டுத் தொடங்கியதன்று. 1909-இல் இலண்டன் நகரில் சாரணச் சிறுவர்கள் திரண்டபோது, அழைப்பின்றியே சிறுமியர் சிலரும் வந்து நின்று, எங்களுக்கும் இடம் வேண்டும் என்றனர். நிறுவனர் பேடன் பவலின் சகோதரி ஆக்னஸ் பொறுப்பேற்க, 1910-இல் சாரணியர் சங்கம் உருவாயிற்று. மறு ஆண்டே ஜபல்பூரில் இந்தியாவின் முதல் சாரணியர் படை அமைந்தது. விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7-இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது. 1951 ஆகஸ்ட் 15-இல் பெண்கள் சங்கமும் அதனுடன் இணைந்தது. அதன் வைரவிழாப் பெருந்திரளணி 2025 ஜனவரி இறுதியில் நம் மாவட்டத்து மணப்பாறையிலேயே நடைபெற்றதை யாவரும் அறிவீர்கள்.

வரலாறு இது போதும். உள்ளே நடப்பது என்ன என்பதே முக்கியம். ஆறு முதல் எட்டுச் சிறுமியர் சேர்ந்தது ஓர் அணி. அவர்களுக்குள்ளேயே ஒருத்தி அணித் தலைவி. கூடாரம் அடிப்பதும், விறகடுப்பில் சமைப்பதும், முடிச்சுப் போடுவதும், முதலுதவி செய்வதும் அணியாகவே நடைபெறும். எட்டுப் பேரில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் அறிந்திருக்க வேண்டியவள் தலைவி. சண்டையிட்டுக் கொண்ட இருவரைச் சமாதானப்படுத்த வேண்டியவளும் அவளே. பதின்மூன்று வயதில் ஏழு பேருக்குப் பொறுப்பேற்பது எளிதா? நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்த வயதுப் பெண்பிள்ளையிடம் எதையேனும் முழுமையாக ஒப்படைத்திருக்கிறோம்? பாத்திரம் கழுவுவதைத் தவிர என்று சேர்த்துக் கொள்ளுங்கள்.

ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் பொறுப்பில் உள்ளோர் குறித்து விசாரிக்கப்படுவர் என்ற கருத்தமைந்த நபிமொழியை ஜும்ஆ மேடையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். அதில் பெண்ணும் தனியே குறிப்பிடப்படுகிறாள். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்குச் சிகிச்சை நடந்தது எங்கே? மஸ்ஜிதுந் நபவியில் அமைக்கப்பட்டிருந்த ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில். பள்ளிவாசலிலேயே ஒரு பெண்மணி நடத்திய முதலுதவிக் கூடாரம் அது! ஹுதைபிய்யாவில் தோழர்கள் துயரத்தால் அசையாது இருந்தபோது, வழி சொன்னவர்கள் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள். தலைமைப் பண்பு நம் பெண்களுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு என்று எவரேனும் சொன்னால், ஸீரத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நம் ஊரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே ஸ்ரீரங்கம். ஆற்றின் தென்கரையில் நாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், 1928-இல் கட்டிய கொள்ளிடம் பழைய பாலம் இடிந்து விழுந்ததைக் கண்டோம். தண்ணீர் வரும் ஊரில் கயிறு கட்டவும், காயத்துக்குக் கட்டுப் போடவும், பதறாமல் நிற்கவும் தெரிந்த ஒரு பெண் வீட்டுக்கு ஒருத்தி இருந்தால் அது தெருவுக்கே பாதுகாப்பன்றோ!

இனி, தந்தையர் தயங்கும் செய்திக்கு வருவோம். உடையைப் பற்றிய கவலை வேண்டாம். சல்வார் கமீஸும் துப்பட்டாவும் அங்கீகரிக்கப்பட்ட சீருடையே. மலேசியாவில் முக்காடிட்ட சாரணியர் ஏராளம். உறுதிமொழியிலும் இறைவனுக்கான கடமையே முதலில் வருகிறது. முகாமில் நடைபெறும் கூட்டுப் பிரார்த்தனை குறித்துக் கேட்டவர்களுக்கு நாம் சொல்வது: நம் பிள்ளை தன் முறை வரும்போது தன் துஆவை ஓதட்டும், பிறர் ஓதும்போது கண்ணியமாக அமைதி காக்கட்டும். இதனை ஆசிரியையிடம் முன்னரே மரியாதையோடு கூறிவிடலாம். ஐவேளைத் தொழுகைக்கு இடமும் நேரமும் அவ்வாறே கேட்டுப் பெறலாம்.

மிஞ்சுவது இரவுத் தங்கல். தந்தையின் தயக்கம் தவறென்று நாம் கூறமாட்டோம். அது அவருடைய பொறுப்பின் பகுதி. ஆயினும் விசாரித்தபின் மறுப்பது வேறு, விசாரிக்காமலே மறுப்பது வேறு. சாரணியர் படைக்குத் தலைமை ஏற்பவர் பெண்ணே. உடன் செல்லும் ஆசிரியை யார், எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பேர், உறங்கும் இடம் எது, தொலைபேசி எண் எது என்று நேரில் சென்று கேளுங்கள். விடை மனநிறைவு தராவிடில் அனுப்ப வேண்டாம். பகல் நேரப் பயிற்சிக்கேனும் அனுப்புங்கள். ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்தின்றித் திருப்பி அனுப்பும்போது, காரணத்தையாவது பிள்ளைக்குச் சொல்லுங்கள். காரணம் அறியாத பிள்ளை, தான் நம்பத் தகாதவள் என்றே எண்ணிக்கொள்வாள்.

நம் பக்கத்திலும் ஓர் இடர் உண்டு. பயிற்சி நடைபெறும் மாலை நேரமே நம் மக்தப் வகுப்பின் நேரமும். இதனால் சிலர் ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. இனி அந்நிலை வேண்டாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. பள்ளியிலிருந்து கடிதம் பெற்று மஸ்ஜித் அலுவலகத்தில் கொடுக்கும் மாணவியருக்கு, விடுபட்ட பாடத்தை ஞாயிறு காலை ஃபஜ்ருக்குப் பின் நடத்தித் தர ஆலிமா அவர்கள் இசைந்துள்ளார்கள். வரும் ஷவ்வால் மாதம் முதல் இது நடைமுறைக்கு வரும், இன்ஷா அல்லாஹ்.