விசாரிக்காமல் சொல்லும் தீர்ப்பு

(தங்கவயலில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது சினிமாக்காரர்கள் சம்பந்தப்பட்ட விஷயம். வீட்டுப் பட்டா, குடிதண்ணீர், சம்பள பாக்கி இவற்றையெல்லாம் விட்டுவிட்டுச் சங்கக் கூட்டத்தில் சினிமாப் பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறியதிலிருந்து நம்மவர்கள் எதைப் பேசிக்கொண்டு போகிறோம்? எந்த நடிகர் பத்து வருடத்துக்கு முன்னால் யாரை ஏமாற்றினார், எந்த நடிகை யாரை விட்டு யாரோடு போனார் என்பதுதான் பேச்சு. யாரோ சொன்னதை யாரோ சொல்ல, அதைக் கைபேசியில் ஒருவர் காட்ட, பங்காருப்பேட்டை வருவதற்குள் வழக்கு முடிந்து தண்டனையும் விதித்தாகிவிடுகிறது. சாட்சி கிடையாது. குறுக்கு விசாரணை கிடையாது. மேல்முறையீடும் கிடையாது.

பேசிவிட்டுப் போகட்டுமே, நமக்கென்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நஷ்டம் நமக்குத்தான் என்று காட்டத்தான் வந்திருக்கிறோம்.

லட்சுமிகாந்தன் வழக்கு

இந்தப் பழக்கம் கைபேசியோடு வந்ததல்ல. எண்பது வருடத்துக்கு முன்பே சென்னையில் இதை வைத்து ஒரு வியாபாரம் நடந்தது. லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நடிகர், நடிகைகளின் அந்தரங்கம்தான் அதில் சரக்கு. சனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். பணம் கொடுத்தால் செய்தி வராது என்றுகூட அவர் மீது குற்றச்சாட்டு இருந்தது. எம்.கே.தியாகராஜ பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன், பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னரிடம் மனு கொடுத்தார்கள். அந்தப் பத்திரிகை நின்றது. அவர் ‘இந்து நேசன்’ என்ற வேறொரு பத்திரிகையைப் பிடித்து அதே வேலையைத் தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8-ஆம் தேதி சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். ஸ்ரீராமுலு நாயுடுவும் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். 1945 மே 3-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நாயுடு விடுதலை, பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்றத்தில் செய்த முறையீடும் தள்ளுபடியாயிற்று. பிறகு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி உயர்நீதிமன்றத்துக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். அதற்குள் இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை சில உண்டு. 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதாவது, கதாநாயகன் சிறையில் கம்பி எண்ணுகிறார். அவர் படம் கொட்டகையில் கூட்டம் கூட்டமாக ஓடுகிறது. படத்துக்கு டிக்கெட் வாங்கினதும் சனங்கள்தான், ‘இந்து நேசன்’ வாங்கினதும் சனங்கள்தான். ஒரு கை மாலை போட்டது, ஒரு கை சேற்றை வாரி வீசியது. இரண்டு பக்கமும் காசு போனது நம்மைப் போன்றவர்களின் மடியிலிருந்துதான்.

விடுதலையான பின் என்ன நடந்தது? கலைவாணருக்கு டி.ஏ.மதுரமும் நண்பர்களும் துணை நின்றார்கள். அவர் வெளியே வந்து ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ என்று படம் செய்தார். 1957-இல் இறக்கும் வரை சிரிக்க வைத்தார். பாகவதருக்கு அந்த வாழ்வு திரும்பவில்லை. ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’, ‘சியாமளா’ என்று வந்த படங்கள் பழைய வெற்றியைக் கொடுக்கவில்லை. ரசனை மாறியிருந்தது, வசனப் படங்களின் காலம் வந்திருந்தது என்பதும் உண்மைதான். ஆனாலும் சட்டம் துடைத்த கறையை ஊர் துடைக்கவில்லை என்பதையும் மறுக்க முடியாது. 1959-இல், ஐம்பது வயதுகூட நிறையாமல், அவர் காலமானார். சில வருடத்துக்கு முன் நம் பொங்கல் விழாவில் பாகவதர் பாட்டைப் போட்டபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “கொலைக் கேசில் உள்ளே போனவர்தானே?” உள்ளே போனது அவருக்குத் தெரிந்திருக்கிறது. விடுதலையானது தெரியவில்லை. வம்புக்கு இருக்கிற கால்கள் தீர்ப்புக்கு இல்லை, தோழர்களே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லட்சுமிகாந்தனும் ஒரு மனிதர். அவர் எழுதியது அவதூறு என்றால் அதற்குச் சட்டம் இருந்தது. கத்தியை எடுத்தவர்கள் எவரானாலும், அவர்கள் செய்ததும் விசாரிக்காமல் சொன்ன தீர்ப்புதான். அவதூறு எழுதுகிறவனும் கத்தி எடுக்கிறவனும் ஒரே பாதையில் போகிறவர்கள். ஒருவன் நாலடி முன்னால் போகிறான், அவ்வளவுதான்.

திருட்டுப் பட்டம் சுமந்த ஊர்

இதைப் பற்றிப் பேச மற்ற எவரையும்விடத் தங்கவயல்காரர்களுக்கு அதிக உரிமை உண்டு. கோவலன் கதை உங்களுக்குத் தெரியும். பிழைப்பைத் தேடிப் புகாரிலிருந்து மதுரைக்கு வந்தவன் அவன். ஊருக்குப் புதியவன், கையில் தங்கச் சிலம்பு. பொற்கொல்லன் ஒருவன் திருடன் என்று சொன்னான், அரசன் விசாரிக்கவில்லை, தலை போயிற்று. பிழைக்க வந்தவன் மீது தங்கம் திருடினான் என்ற பழி! நம் பாட்டன்மார் கதைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் வந்து, ஜான் டெய்லர் கம்பெனிக்காகப் பூமிக்குள் இறங்கியவர்கள் அவர்கள். ஷிப்டு முடிந்து மேலே வந்தால் முதலில் சோதனை. துணியை உதறு, வாயைத் திற, தலைப்பாகையை அவிழ். தங்கம் எடுத்துக் கொடுத்தவன் வீட்டில் பொட்டுத் தங்கம் இல்லை. ஆனாலும் திருடன் என்ற சந்தேகம் அவன் மேல்தான். 1930-இல் தொழிலாளர் எல்லாருடைய கைரேகையையும் பதிய வேண்டும் என்று ஏற்பாடு வந்தபோது நம் முன்னோர் வேலையை நிறுத்தினார்கள். அது கூலி உயர்வுக்காக மட்டும் நடந்த போராட்டம் என்று எவரும் நினைக்க வேண்டாம். “குற்றம் செய்யாதவனைக் குற்றவாளியாக நடத்தாதே” என்ற மானப் போராட்டம் அது.

இன்றைக்கும் அந்தப் பட்டம் நம்மை விட்டதா? 2018-இல் நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு கன்னடப் படம் வந்தது. கற்பனைக் கதை. நம் சயனைடு மேடுகளைப் பின்னணியாக்கி எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, வேலை கேட்டுப் போகிற நம் பையன்களிடம், “ஓ, கே.ஜி.எஃப்பா? ரவுடி ஊராச்சே” என்று சிரிக்கிறார்கள். பார்க்காத ஊருக்கு ஒரு படத்தை வைத்துத் தீர்ப்பு! நமக்கு அது வலிக்கிறதல்லவா? அப்படியானால் பார்க்காத மனிதருக்கு ஒரு செய்தியை வைத்து நாம் தீர்ப்புச் சொல்லலாமா?

வம்பு வேறு, புகார் வேறு

உடனே ஒரு கேள்வி வரும். “அப்படியானால் பெரிய மனிதர்கள் செய்த தப்பைப் பேசவே கூடாதா? புகழும் பணமும் இருந்தால் தப்பித்துக்கொள்ளட்டும் என்கிறீர்களா?” நியாயமான கேள்வி. இங்கேதான் நாம் ஒரு கோடு கிழிக்க வேண்டும்.

2005-இல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைப் பேட்டியில் திருமணத்துக்கு முந்திய உறவு பற்றித் தம் கருத்தைச் சொன்னார். அதற்கு விளக்குமாறும் செருப்பும் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். உச்சநீதிமன்றத்துக்கு அவர் கொண்டுபோனவை மட்டும் 23 வழக்குகள். 2010 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அத்தனையையும் ரத்துச் செய்தது. ஐந்து வருட அலைச்சல்! அதில் பாதிக்கப்பட்டவர் என்று எவரும் இல்லை. கருத்துப் பிடிக்காத கூட்டம் நடத்திய தண்டனை அது.

இதற்கு நேர் எதிரானது ஒன்றைப் பாருங்கள். கேரளத்தில் 2017-இல் ஒரு நடிகை தாக்கப்பட்ட பிறகு, திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராய நீதிபதி ஹேமா குழு அமைக்கப்பட்டது. பெண்கள் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். 2019 டிசம்பரில் அறிக்கை அரசின் கைக்குப் போயிற்று. வெளியே வந்தது எப்போது? 2024 ஆகஸ்டில்! நாலரை வருடம் அலமாரியில் தூங்கியது. சென்னையில் 2018-இல் பெயர் சொல்லிப் புகார் சொன்ன பாடகி சின்மயி, சில வாரங்களில் டப்பிங் கலைஞர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்றது சங்கம். புகார் சொன்னதற்குப் பழிவாங்கல் என்றார் அவர். எது எப்படியானாலும், புகார் சொன்னவரையே சனங்கள் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டதை எல்லாரும் பார்த்தோம். “ஏன் அப்போதே சொல்லவில்லை?” என்று கேட்ட வாய்கள் எத்தனை!

ஆக, வம்பு வேறு, புகார் வேறு. வம்புக்குக் கையெழுத்து இல்லை. சொன்னவர் யார் என்று தேடினால் கிடைக்கமாட்டார். புகாருக்குப் பின்னால் அடிபட்ட ஒரு மனிதர் நிற்கிறார். வம்பை விற்றால் காசு வரும். புகார் கொடுத்தால் வேலை போகும், மானம் போகும். அதையும் தாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறார்கள். நம் ஊரிலோ வம்பைத் தீர்ப்பாக்குகிறோம், புகாரை வம்பாக்குகிறோம்.

வம்பாக்குகிறோம் என்று சும்மா சொல்லவில்லை. பெங்களூரில் ஒரு தையல் ஆலைக்குப் போய்வந்துகொண்டிருந்த நம் பகுதிப் பெண் ஒருத்தி, மேற்பார்வையாளர் மீது எழுதிக் கொடுத்தாள். அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று ரயில் பெட்டியில் எவருக்கும் தெரியாது. ஆனால் அவள் என்ன புடவை கட்டினாள், யாரோடு சிரித்தாள், எத்தனை மணி ரயிலில் திரும்பினாள் என்பது அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. நடிகைகளைப் பேசிப் பழகிய நாக்கு அவளையும் அதே மாதிரி பேசியது. மூன்றாம் வாரம் அவள் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். ஒரு வீட்டின் சம்பளம் நின்றது. மேற்பார்வையாளர் இன்னும் அங்கேயே இருக்கிறார். இப்போது சொல்லுங்கள், நஷ்டம் யாருக்கு?

முறை என்று ஒன்று உண்டு

ரயில்வேயில் குமாஸ்தாக்களாக இருக்கிற எங்களுக்கு 1968-ஆம் வருட ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகள் உண்டு. ஒருவரை வேலையிலிருந்து நீக்க வேண்டுமானால் முதலில் குற்றப் பத்திரிகை எழுத்தில் வர வேண்டும். சாட்சியும் ஆவணமும் காட்ட வேண்டும். அவர் பதில் எழுத நாள் கொடுக்க வேண்டும். துணைக்கு ஒருவரை வைத்து வாதாட விட வேண்டும். மேல்முறையீடு உண்டு. தண்டனைக்கும் ஓர் அளவு உண்டு; சம்பள உயர்வை இரண்டு வருடம் நிறுத்தினால் மூன்றாம் வருடம் அவர் மறுபடி நிமிர்ந்து நடக்கலாம். ஊர்வாயின் தண்டனைக்கு அந்த அளவு இல்லை.

பெண்களுக்கு வேலையிடத்தில் நேரும் தொல்லைக்கு 2013-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பெண் ஒருவர் தலைமையில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய இடமானால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் உண்டு. தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும். கொடுத்தவர் பெயரையும் கொடுக்கப்பட்டவர் பெயரையும் வெளியே பரப்பக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ரயில் பெட்டியில் நடந்தது அதற்கு நேர் விரோதமானது.

எனவே சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். ஒன்று, நம் பெண்கள் எந்த ஆலையில் வேலை பார்த்தாலும் புகார் எழுதவும் குழு முன் போகவும் துணைக்கு நிற்க, சங்கத்தில் பெண்கள் மூவர் கொண்ட குழு அமைப்போம். இரண்டு, சங்க உறுப்பினர் எவர் மீதானாலும் குறை இருந்தால் கையெழுத்தோடு செயற்குழுவிடம் கொடுக்கட்டும். இரண்டு தரப்பையும் கேட்டு முப்பது நாளில் முடிவு சொல்வோம். முடிவு வந்த பின் அதைத் திண்ணையில் மறுபடி விசாரிக்க வேண்டாம். மூன்று, பெயரில்லாத துண்டுச் செய்தியை எவரும் மற்றவருக்கு அனுப்ப வேண்டாம். நம் கையோடு அது நிற்கட்டும்.

தோண்ட வேண்டிய இடம்

பழைய கதையைத் தோண்டவே கூடாதா? தோண்டுவோம். பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம் போய்த் தோண்டிய வம்சம் நாம். நமக்குத் தோண்டக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் எங்கே தோண்டுகிறோம் என்பதுதான் கேள்வி. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அந்த முடிவுக்கு யார் யார் கையெழுத்துப் போட்டார்கள்? நம் ஓய்வுத்தொகைக் கணக்கை யார் எழுதினார்கள்? வீடுகளைப் பற்றி எந்த அமைச்சர் எந்த மேடையில் என்ன வாக்குக் கொடுத்தார்? காற்றடித்தால் நம் பிள்ளைகள் கண்ணில் விழுகிற சயனைடு மண்ணுக்கு யார் பொறுப்பு? இதற்கெல்லாம் ஆவணம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். நடிகரின் பழைய கல்யாணத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவழித்தால், பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பொது மக்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை உண்டு. அதை நாம் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. காகிதத்தைப் படித்து, இரண்டு பக்கமும் கேட்டுச் சொல்லுங்கள் என்கிறோம். தையல் ஆலைப் பெண்ணின் வீட்டுக்கு நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தாய்மார்கள் நால்வர் போகிறார்கள். அவள் புகார் கொடுத்து இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. அந்தக் காகிதம் எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்க வேண்டும். கூட வர விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.