அஞ்சு மொழியும் ஒரே வகுப்பறையில்: நம்ம ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு யார் பொறுப்பு?

கம்பத்தில் நடந்த நமது கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்கள் படியுங்கள், உங்கள் கிளைக் குழுவிலும் பகிருங்கள்.

வேலை முடிஞ்சு வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்க வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்குத் தனியா ஒரு வணக்கம்.

இன்னைக்கு நான் தேர்தலைப் பத்திப் பேச வரல. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில வாரம்தான் இருக்கு. தெருவுக்குத் தெரு தனியார் பள்ளி நோட்டீஸ் வந்தாச்சு. வேன் எந்த ரூட்டுல வரும்னு அச்சடிச்சுக் குடுத்துட்டாங்க. நம்ம தொடக்கப்பள்ளிக்கு நோட்டீஸ் அடிக்க யார் இருக்கா? அதனால நாம பேசுவோம்.

கம்பத்துலயோ கூடலூர்லயோ போடியிலயோ விடியறதுக்கு முன்னாடி ரோட்டுக்கு வந்து பாருங்க. ஜீப்பு வரிசையா நிக்கும். தூக்குவாளியும் கையுமா பெண்கள் ஏறுவாங்க. கம்பம்மெட்டு வழியா, குமுளி வழியா, போடிமெட்டு வழியா இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போற சனம். ஏலக்காய் கிலோ என்ன விலைக்குப் போச்சுன்னு மறுநாள் பேப்பர்ல வரும். அந்த ஏலக்காயைப் பறிச்ச அம்மாவோட பிள்ளை காலையில என்ன சாப்பிட்டுச்சுன்னு எந்தப் பேப்பர்லயும் வராது.

அந்தப் பிள்ளை தானா எந்திரிச்சு, தானா தலை சீவி, தம்பியையும் கையில பிடிச்சுக்கிட்டு எங்க போகுது? நம்ம அரசுத் தொடக்கப்பள்ளிக்கு.

அந்த வகுப்புக்குள்ள யார் யார் உட்கார்ந்திருக்காங்கன்னு ஒரு நாள் போய்ப் பாருங்க. அருந்ததியர் வீட்டுப் பிள்ளைக்கும் கம்பளத்து நாயக்கர் வீட்டுப் பிள்ளைக்கும் வீட்டுல தெலுங்கு. கோம்பை, தேவாரம் பக்கம் ஒக்கலிகர் வீடுகள்ல கன்னடம். குமுளிப் பக்கம் தாய்வீடு இருக்கிற பிள்ளைக்கு மலையாளம் தண்ணிபட்ட பாடு. உத்தமபாளையம், கம்பத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை தமிழ் பேசும், சாயங்காலம் மதரசாவுல அரபி எழுத்தும் படிக்கும். இராயப்பன்பட்டி மாதிரி ஊர்ல கிறிஸ்தவப் பிள்ளைகள். மலையடிவாரத்துல பளியர் பிள்ளைகள். இப்ப நூற்பாலைக்கும் கட்டட வேலைக்கும் வடக்கேயிருந்து குடும்பத்தோட வந்தவங்க பிள்ளைகளும் இருக்காங்க. அதுங்களுக்கு வீட்டுல இந்தி, ஒடியா.

மூணாவது மொழி படிக்கணும்னு டெல்லியில இருந்து நமக்குப் பாடம் எடுக்கிறாங்க. நம்ம பள்ளத்தாக்குப் பிள்ளை ஒண்ணாம் வகுப்புக்கு வர்றதுக்கு முன்னாடியே மூணு மொழி கேட்டு வளருது! வீட்டுல ஒண்ணு, தெருவுல ஒண்ணு, தோட்டத்துல ஒண்ணு. யாரும் திணிக்கல. பிழைப்பு கத்துக்குடுத்துச்சு. இதையெல்லாம் தெரிஞ்சுக்காமத்தான், திட்டத்துல கையெழுத்துப் போடலைன்னு 2024-25க்கு வரவேண்டிய கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வச்சது. அதைப் பத்தி நம்ம தலைவர்கள் நிறையப் பேசியாச்சு. நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே வர்றேன்.

இந்தப் பள்ளிக்கூடங்கள் எப்படி வந்துச்சுன்னு நம்ம இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. தேனி, மதுரை, திண்டுக்கல் மூணு மாவட்டத்துலயும் சேர்த்து ஏறக்குறைய 300 பள்ளிகளோட பலகையில ‘கள்ளர் சீரமைப்புப் பள்ளி’ன்னு இருக்கும். தினமும் அந்தப் பலகையைக் கடந்து போறோம். சீரமைப்புன்னா என்ன? யாரை, யார் சீரமைச்சாங்க?

1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம்ம பக்கத்துல அதுக்குக் கைரேகைச் சட்டம்னு பேரு. ஒரு சாதியில பிறந்ததுக்காகவே ஆம்பளைங்க போய் ரேகை வைக்கணும். ராத்திரியில போலீஸ் சொல்ற இடத்துல போய்ப் படுக்கணும். வெளியூர் போகணும்னா சீட்டு வாங்கணும். ரேகை வைக்க மாட்டோம்னு பெருங்காமநல்லூர் சனம் நிமிர்ந்து நின்னப்ப, 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் உயிரை விட்டாங்க.

அதுக்குப் பிறகுதான் சீரமைப்புத் திட்டம்னு கிணறு, கூட்டுறவு சங்கம், விடுதி, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தது. ஒரு கையில கண்காணிப்பு, இன்னொரு கையில சிலேட்டு. சனத்தை அடக்கத்தான் கொண்டுவந்தான். நம்ம பாட்டன்மார் என்ன செஞ்சாங்க? கண்காணிப்பை எதிர்த்துப் போராடினாங்க, சிலேட்டை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. நம்ம மாகாணத்துல 1947லயும் நாடு முழுக்க 1952லயும் சட்டம் ஒழிஞ்சது. பள்ளிக்கூடம் நின்னுடுச்சு.

அதே 1920ல சென்னையில இன்னொண்ணு நடந்தது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு குடுக்கணும்னு தீர்மானம் போட்டாங்க. ஒரே வருஷம், ஒரே மாகாணம். அங்க பிள்ளைக்குச் சோறு, இங்க தகப்பனுக்குக் குண்டு. இந்த ரெண்டையும் சேர்த்துப் படிச்சாத்தான் பள்ளிக்கூடம்கிறது நமக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

அப்புறம் 1956ல காமராஜர் காலத்து மதிய உணவு. 1982ல எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரை நெல்பேட்டைப் பள்ளியில காலை உணவு ஆரம்பிச்சாங்க. முதல்ல 1,545 பள்ளி, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல 31,008 பள்ளி. எந்தக் கட்சி ஆட்சியில வந்ததுன்னு சண்டை போடுறதுக்கு வேற மேடை இருக்கு. சோறு போட்டவங்களைக் கும்பிட்டுட்டுப் போவோம். எனக்குத் தெரிஞ்சு இந்தக் காலை உணவோட அருமை மத்த ஊரைவிட ஜீப்பு நிக்கிற ஊருக்குத்தான் அதிகம் தெரியும். வெண்பொங்கலோ கிச்சடியோ, சூடா ஒரு தட்டு. ஆக்கிப் போடுறது நம்ம மகளிர் குழுப் பெண்கள். பிள்ளைகள் ஒரே வரிசையில உட்கார்ந்து ஒரே சட்டிச் சோத்தைச் சாப்பிடுது. இந்தப் பள்ளத்தாக்குல எத்தனை கல்யாண வீட்டுல, எத்தனை திருவிழாவுல அப்படி ஒரு பந்தி நடந்திருக்கு? சொல்லுங்க பார்ப்போம்.

இப்ப பாடத்துக்கு வர்றேன். 2022ல ‘எண்ணும் எழுத்தும்’ ஆரம்பிச்சாங்க. அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளையோட நிலை பார்த்துப் பிரிச்சுப் பாடம். வயசு ஒண்ணா இருந்தாலும் எழுத்து தெரிஞ்ச பிள்ளைக்கு ஒரு பயிற்சி, தெரியாத பிள்ளைக்கு வேற பயிற்சி. வீட்டுல தெலுங்கோ இந்தியோ பேசுற பிள்ளைக்கு இது நல்ல காரியம். பாட்டு, கதை, பொம்மைன்னு காதுல விழுந்துதான் மொழி வரும். அம்மாகிட்ட நாம அப்படித்தான கத்துக்கிட்டோம்? ஆனா செயலியில பதிவு ஏத்துறதுலயே பாட நேரம் போகுதுன்னு ஆசிரியர் சங்கங்கள் சொல்லுது. அதுல நியாயம் இருக்கு. ஆசிரியர் பிள்ளை முகத்தைப் பார்க்கணும், எந்நேரமும் போன் முகத்தைப் பார்க்கக் கூடாது.

இதுவரைக்கும் நல்லதைச் சொன்னேன். இனி கொஞ்சம் கசக்கும்.

கல்வி உரிமைச் சட்டத்துல ஒரு கணக்கு இருக்கு. தொடக்கப்பள்ளியில 60 பிள்ளை வரைக்கும் 2 ஆசிரியர். 61 ஆனா 3 பேர். 91 ஆனா 4 பேர். 62 பிள்ளை இருக்கிற பள்ளியில இருந்து ரெண்டு வீட்டுக்காரங்க தங்களோட பிள்ளையை வேன்ல ஏத்திட்டாங்கன்னு வைங்க. கணக்குப்படி ஒரு ஆசிரியர் உபரி. பணி நிரவல்ல வேற ஊருக்குப் போயிடுவாரு. அஞ்சு வகுப்பை ரெண்டு பேர் பார்க்கணும். அதுல ஒருத்தர் தலைமையாசிரியர், கூட்டத்துக்குப் போகணும், பதிவேடு எழுதணும். அப்ப அடுத்த வருஷம் ஊர்ல என்ன பேசுவாங்க? ‘அங்க வாத்தியாரே இல்லப்பா’ன்னு பேசுவாங்க. இன்னும் நாலு பிள்ளை போகும். வாத்தியார் இல்லாததால பிள்ளை போச்சா, பிள்ளை போனதால வாத்தியார் போனாரா? ரெண்டும் ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டே போய்க் கடைசியில கதவைப் பூட்டிடும். அப்பவும் வேனுக்குப் பணம் இருக்கிறவன் பிள்ளை படிக்கும். ஜீப்புல போற அம்மாவோட பிள்ளை எங்க போகும்?

இங்க உட்கார்ந்திருக்கிற நம்ம பொறுப்பாளர்கள் எத்தனை பேரோட பிள்ளை அரசுப் பள்ளியில படிக்குதுன்னு நான் கை தூக்கச் சொல்லல. வீட்டுக்குப் போய் யோசிச்சுக்குங்க.

பெத்தவங்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசு வரல. மூணரை வயசுல எல்.கே.ஜி. வேணும்னு கேக்கிறாங்க. தனியார் பள்ளி அங்கேயே பிள்ளையைப் பிடிச்சுடுது. ஒருதடவை போன பிள்ளை அஞ்சாம் வகுப்பு வரைக்கும் திரும்புறது அபூர்வம். 2019ல தமிழ்நாடு முழுக்க 2,381 அங்கன்வாடி மையங்கள்ல எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினாங்க. தொடக்கப்பள்ளி இருக்கிற எல்லா ஊருக்கும் அது வேணும், அதுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் வேணும். இதை நாம கோரிக்கையா வைக்கணும்.

இன்னொரு விஷயம். கொஞ்சம் சூடான விஷயம், பதமாத்தான் சொல்றேன். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களோட குழு 2024 ஜூன்ல அறிக்கை குடுத்துச்சு. பள்ளிப் பெயர்ல சாதி வேண்டாம், இந்தப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறைக்குள்ள கொண்டுவரணும்னு அதுல பரிந்துரை. நம்ம பக்கத்துல எதிர்ப்பு வந்தது. எங்க பாட்டன் சிந்தின ரத்தத்தோட அடையாளத்தைத் துடைக்காதீங்கன்னு கேட்டாங்க. அந்த வலி உண்மையான வலி. அதைக் கேலி பேசுறவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. அதே நேரம், அந்த வாசல் வழியா உள்ள போற அருந்ததியர் பிள்ளையையும், ராவுத்தர் பிள்ளையையும், ஒடியா பேசுற பிள்ளையையும் நினைச்சுப் பாருங்க. அதுவும் இது என் பள்ளிக்கூடம்னு சொல்லணும்ல? பெருங்காமநல்லூர் வரலாற்றைச் சுவர்ல எழுதுங்க, பாடத்துல வைங்க, எல்லாப் பிள்ளையும் படிக்கட்டும். வாசல் பலகையில ஊர்ப் பேர் இருந்தாப் போதும்னு நான் நினைக்கிறேன். இது என் கருத்து. மாற்றுக் கருத்து இருக்கிற தோழர்கள் பேசலாம், உட்கார்ந்து பேசுவோம். ஆனா எந்தத் துறை நடத்தினாலும் காலிப் பணியிடத்தை நிரப்பணும். அதுல ரெண்டு கருத்து இருக்க முடியாது.

இனி வேலை. கிளைச் செயலாளர்கள் குறிச்சுக்குங்க.

இந்த வாரத்துக்குள்ள உங்க வார்டுல அஞ்சு வயசு முடிஞ்ச பிள்ளைகள் எந்தெந்த வீட்டுல இருக்குன்னு கணக்கெடுங்க. தோட்டத்துக்குப் போற வீடுகளுக்குப் பகல்ல போனா பூட்டுதான் இருக்கும். ராத்திரி ஏழு மணிக்கு மேல போங்க. வடக்கேயிருந்து வந்தவங்க தங்கியிருக்கிற லைன் வீடுகளை விட்டுடாதீங்க. ஆதார் இல்ல, பிறப்புச் சான்று இல்லன்னு தயங்குவாங்க. வயசுச் சான்று இல்லைன்னு எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. அதை அவங்களுக்கு எடுத்துச் சொல்லிக் கூடவே பள்ளிக்குக் கூட்டிட்டுப் போங்க.

பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர், அதுல பாதிக்குக் குறையாம பெண்கள் இருக்கணும்னு சட்டம். அந்தக் குழுவுல நம்ம ஊர்ல யார் இருக்காங்கன்னே பல பேருக்குத் தெரியாது. விசாரிங்க. கூட்டத்தைப் பகல் பதினோரு மணிக்கு வச்சா ஏலத்தோட்டத்துக்குப் போற அம்மா கூலியை விட்டுட்டு எப்படி வருவாங்க? சாயங்காலம் வைக்கச் சொல்லித் தலைமையாசிரியர்கிட்ட மரியாதையாக் கேளுங்க. கழிப்பறையில தண்ணி வருதா, எத்தனை ஆசிரியர் இடம் காலி, காலை உணவு எத்தனை மணிக்குப் பிள்ளை தட்டுக்கு வருது, இந்த மூணையும் அந்தக் கூட்டத்துல தீர்மானமா எழுதி வாங்குங்க. ஒரு நகலை நம்ம ஒன்றிய அலுவலகத்துல குடுங்க. கிராம சபைக்கு அதைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் போறோம்.

கணக்கெடுப்பு நோட்டை முடிக்காம யாரும் அடுத்த கூட்டத்துக்கு வர வேண்டாம்.