மீட்பு என்னும் சொல்



மதுரைத் தெற்காவணி மூல வீதியின் நகைக்கடைகளுக்கு நடுவே அடகுக் கடைகளும் உண்டு. விதைநெல்லுக்காக ஆடியில் தன் சங்கிலியை அடகு வைத்த பெண்ணொருத்தி, தை அறுவடைக்குப் பின் முதலும் வட்டியும் கட்டி அதனைத் திரும்பப் பெறுகின்றாள். "நகையை மீட்டாயிற்று" என்பது அவள் சொல். 'வாங்கினேன்' என்று அவள் சொல்லுவதில்லை. வாங்குவது பிறர் பொருளை. மீட்பது தன் பொருளை. ஒத்திக்குப் போன நிலத்திற்கும் இதுவே வழக்கு. உழுபவன் மாறினாலும், மீட்கும் உரிமை இருக்கும்வரை, அந்நிலம் ஊரார் வாயில் பழைய குடும்பத்தின் பெயராலேயே வழங்கும்.

கிறித்தவ நம்பிக்கையின் நடுநாயகமான கருத்தொன்றிற்குத் தமிழ் பல சொற்களைத் தந்திருக்கின்றது. மோட்சம், கரையேற்றம், ஈடேற்றம், இரட்சிப்பு, இரட்சணியம், மீட்பு என்பன அவற்றுட் சில. இவை ஒரு பொருட் பன்மொழி போலத் தோன்றினும் ஒவ்வொன்றும் வேறொரு படத்தைக் காட்டுகின்றது. மோட்சம் கட்டிலிருந்து விடுபடுவது. கரையேற்றம் வெள்ளத்திலிருந்து தப்புவது. இரட்சிப்பு ஒருவர் காக்க ஒருவர் காக்கப்படுவது. மீட்பு இவற்றினின்றும் வேறு. 'மீள்' என்னும் தன்வினையின் பிறவினை வடிவமே 'மீட்டல்'. மீளுதற்குப் பழைய இடம் ஒன்று இருந்தாக வேண்டும். மனிதன் முதலிலேயே இறைவனுக்கு உரியவன், இடையில் கைமாறிப் போனவன் என்னும் கொள்கை அச்சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றது. (யாழை மீட்டுவதும் இதுவே என்று சிலேடை தேடும் கவிஞர் உளர். அது வேறு கதை.)

இச்சொல் வரலாற்றில் மதுரைக்குத் தனியிடம் உண்டு. 1606இல் இராபர்ட் டி நொபிலி இந்நகருக்கு வந்தபோது கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் பாதிரியார் இங்கே பல ஆண்டுகளாகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். எனினும் மதுரையார் அச்சமயத்தில் சேர முன்வரவில்லை. அதில் சேருவது பறங்கிக் குலத்தில் சேருவதாகவே கருதப்பட்டது. ஆன்மா கடைத்தேறுவது என்பது குலம் மாறுவது என்றே மக்கள் செவியில் விழுந்திருக்கின்றது. நொபிலி காவியுடுத்து, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் பயின்று, உள்நாட்டுச் சமயங்கள் ஆண்டுவந்த சொற்களைக் கொண்டே தம் சமயத்தை எழுதினார். முப்புரிநூலும் குடுமியும் கிறித்தவர்க்கு ஆகுமா என்ற வழக்கு உரோமாபுரி வரை சென்று, 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் ஆணையால் அவர் பக்கம் தீர்ந்தது. ஆன்ம விடுதலையைப் பறங்கிக் குலத்தினின்றும் பிரித்துக் காட்டியது அவருடைய பெருஞ்செயல். ஆயின் தமிழர் குலப்பிரிவுகளை அவர் பெரும்பாலும் இருந்தவாறே விட்டுவிட்டார். பிற்பட்ட குலத்தாரிடையே பணிபுரியப் பண்டாரசாமிகள் என்ற தனிப்பிரிவினரே பின்னர்த் தேவைப்பட்டனர். விடுதலையின் பெயரைச் சொல்லிக்கொண்டே வேலியைக் காத்த அந்த இரட்டை வழக்கு நொபிலியோடு முடிந்துவிடவில்லை.

இரட்சிப்பு என்னும் சொல்லுக்குக் கவிதையில் பெருமை தேடித் தந்தவர் நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827இல் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து 1858இல் கிறித்தவரான அவர், ஜான் பனியனின் ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவி, 'இரட்சணிய யாத்திரிகம்' பாடி 1894இல் வெளியிட்டார். பனியனின் அக்கதை தமிழ் உரைநடையில் 'மோட்சப் பிரயாணம்' என்றே வழங்கியது. மோட்சம் சேரும் இடத்தைச் சொல்கின்றது. இரட்சணியம் சேர்ப்பவரை நினைவூட்டுகின்றது. இந்தப் பெயர் வேறுபாட்டில் ஒரு வைணவப் பிள்ளையின் செவி வேலை செய்திருப்பதாகக் கொள்ளுதல் தகும். இரட்சகன் என்பது ஸ்ரீவைணவ ஆசாரியர்கள் நெடுங்காலம் ஆண்டுவந்த சொல். தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப்போல் அடியவன் இறைவனைப் பற்ற வேண்டுமா, தாய்ப்பூனை வாயிற் கவ்வப்பட்ட குட்டியைப்போல் வாளா கிடந்தாற் போதுமா என்று வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்ட அதே கேள்வியை, நற்செயலா, அருள் ஒன்றேயா என ஐரோப்பியத் திருச்சபைகளும் வாதிட்டன. அருட்கொள்கை கிருஷ்ண பிள்ளைக்குப் புதுச்சரக்கன்று. அதனால்தான் அவருடைய பாட்டில் அது மொழிபெயர்ப்பு வாடை வீசாமல் நிற்கின்றது.

எனினும் இரட்சிப்பு என்ற சொல்லில் ஒரு குறை உண்டு. காக்கப்படுபவர் எவர், காப்பவர்க்கு அவர் என்ன உறவு என்பதை அது சொல்வதில்லை. வழியிற் கண்ட எவரையும் எவரும் காக்கலாம். மீட்பவர் உறவினராக இருத்தல் வேண்டும். எபிரேயரின் பழஞ்சட்டம் அப்படித்தான் சொல்கின்றது. வறுமையால் நிலத்தை விற்றவனுக்காக அதனை மீட்டுக்கொடுப்பதும், அடிமையாக விலைப்பட்டவனை மீட்பதும் நெருங்கிய உறவினனின் கடமை. ரூத் என்னும் மோவாபு நாட்டு விதவையின் கதையில் போவாசு அக்கடமையை ஏற்கின்றார். எசாயாவின் நூல் இறைவனையே அந்த உறவினனின் பெயரால் அழைக்கின்றது. அண்டசராசரங்களைப் படைத்தவனைக் கடனடைக்க வந்த பங்காளியாகக் காணும் துணிவு கவிஞர்க்கே உரியது.

உருவகத்தை அளவுக்கு மீறி இழுத்தால் அது அறுந்துவிடும் என்பதையும் இச்சொல்லின் வரலாறு காட்டுகின்றது. சிலுவை மரணம் மீட்புவிலை என்றால், அவ்விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? சாத்தானுக்கு என்று மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் எண்ணினார். நீசா நகரத்துக் கிரகோரி அதனை மேலும் நீட்டி, இயேசுவின் மனித உடலை இரையாகவும் இறைத்தன்மையைத் தூண்டில் முள்ளாகவும் வருணித்தார். இறைவன் சாத்தானை ஏமாற்றினான் என்றாகிவிட்ட இந்த விளக்கம் பின்வந்தோர்க்கு உறுத்தியதில் வியப்பில்லை. ஏறத்தாழ 1098இல் நூலெழுதி முடித்த ஆன்செல்ம், சாத்தானுக்கு எக்கடனும் இல்லை, மனிதன் கடன்பட்டது இறைவனுக்கே என்றார். அடுத்த தலைமுறையில் அபெலார்டு, சிலுவை கடன் தீர்ப்பதைவிட மனிதன் உள்ளத்தில் அன்பை மூட்டுவதையே முதன்மையாக்கினார். இம்மூவகை விளக்கமும் இன்றுவரை பிரசங்கங்களில் கலந்து ஒலிக்கின்றன. எந்த ஒன்றையும் திருச்சபை முழுதும் ஒரே முடிவாக விதித்ததில்லை.

இவ்விடத்தில் மதுரைக்கு நன்கு தெரிந்த கதையொன்றை நினைப்பது பொருந்தும். திருவிளையாடலில், வைகைக் கரையை அடைக்கப் பிட்டுக்கு மண் சுமந்த கூலியாளின் முதுகிற் பாண்டியன் பிரம்படி விழுகின்றது. அடி வாங்கியவன் இறைவன். வலித்ததோ அரசன் முதல் எல்லா உயிர்க்கும். ஒருவர்மேல் விழுந்தது எல்லார்மேலும் பட்டது. கிறித்தவ நம்பிக்கை இதனைத் தலைகீழாகச் சொல்கின்றது: எல்லார்மேலும் விழ வேண்டியது ஒருவர்மேல் விழுந்தது. இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடுவது சமரசத்திற்கு எளிது, உண்மைக்கு நெருக்கமன்று. ஆயினும் கூலியாளாகி அடிபடும் கடவுளை வந்தியின் கதையால் அறிந்திருந்த ஊருக்குச் சிலுவைக் கதை முற்றிலும் அந்நியமானதாக இருந்திருக்க முடியாது.

இனி, மீட்பு எப்போது நிகழ்கின்றது? செத்த பின்னரே என்று எண்ணுவோர் பலர். லூக்கா நற்செய்தியின் சக்கேயு கதை அவ்வெண்ணத்திற்கு இடந்தரவில்லை. எரிகோ நகரத்து வரி தண்டுவோர் தலைவனான அவன், தன் உடைமையிற் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தரவும் முன்வருகின்றான். அன்றே அவ்வீட்டிற்கு மீட்பு வந்துவிட்டதாக இயேசு கூறுகின்றார். ஊரார் ஒதுக்கிய அவனை ஆபிரகாமின் மகன் என்று உறவுசொல்லி அழைக்கின்றார். பறித்த பொருள் உரியவரிடம் மீள்கின்றது; ஒதுக்கப்பட்டவன் குடும்பத்திற்கு மீள்கின்றான். முத்தி என்றும் மனை என்றும் இருபொருள் தரும் 'வீடு' இக்கதையில் இரண்டுமாய் நிற்கின்றது.

இதனை மதுரை மண்ணின் மொழியிற் சொன்னவர் தியோபிலஸ் அப்பாவு. அரசரடியில் 1969இல் தோன்றிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியரான அவர், 'பரட்டை' என்னும் பெயரில் கிராமிய மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்கள் இயற்றினார், 2005இல் மறைந்தார். 'ஒரே உலை' என்பது அவர் இறையியலின் உயிர்ச்சொல். ஓர் உலையிற் பொங்கியதைப் பகிர்ந்துண்பவர் ஒரு குடும்பம். நற்கருணை விருந்தும் அத்தகையதே. சேர்ந்துண்பதைச் சாதி தடுத்த நாட்டில், அப்பம் பகிர்தலை உலைப்பானையின் பெயரால் அழைப்பதற்கு அறிவும் வேண்டும், கோபமும் வேண்டும்.

அக்கோபத்திற்குக் காரணம் தீர்ந்துவிடவில்லை. சாதிவாரியாகக் கல்லறைத் தோட்டம் பிரிந்து கிடக்கும் கிறித்தவ ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உள்ளன. ஒரே விலையால் மீட்கப்பட்டதாக ஞாயிறுதோறும் அறிக்கையிட்டவர்கள் இரு வேறு வாயில் வழியே அடக்கத்திற்குச் செல்கின்றார்கள். அரசின் ஏடும் தன் பங்கிற்கு வேறோர் அநீதி செய்கின்றது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை முதலில் இந்துக்களுக்கும், 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் உரிமை தந்தது. கிறித்தவத் தலித்துகளுக்குத் தரவில்லை. கோயிலில் தலித்தென்று தள்ளப்படுபவர், அரசு அலுவலகத்தில் கிறித்தவர் என்று தள்ளப்படுகின்றார்.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு, இரட்சிப்பு என்ற இடத்தில் பெரும்பாலும் மீட்பு என்றே எழுதிற்று. காத்தல், விலைகொடுத்துத் திருப்புதல் என்ற இரு கருத்துகளும் அதனால் ஒரு சொல்லுக்குள் வந்து சேர்ந்தன. நுட்பம் சிறிது குறைந்தது, உறவு நெருங்கியது. கத்தோலிக்கர் அதனை ஏற்றனர். சீர்திருத்தச் சபையார் பெரும்பாலும் பழைய பெயர்ப்பையே வாசிக்கின்றனர். ஆகவே கிறித்துமசு இரவில், பெத்லகேம் மேய்ப்பர்க்கு வானதூதர் அறிவித்த அச்செய்தியில், மதுரையின் ஒரு கோயில் 'மீட்பர்' பிறந்ததைக் கேட்கின்றது. மற்றொன்று 'இரட்சகர்' பிறந்ததைக் கேட்கின்றது.